தமிஸ்தாவைச் சுமக்க ஒரு காளை

மெம்பிஸ் நகரத்தில் அந்த வாரம் இரண்டு சாவு விழுந்தது. ஒன்று, அபிஸ் என்னும் தெய்வக் காளை. அதற்கு வயதாகிவிட்டது. கடைசி வருடங்களில் அது எழுந்து நிற்பதற்கே இரண்டு பூசாரிகள் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. மற்றொன்று, தமிஸ்தா. அவளுக்கு ஆறு வயது. காளைக்கு ஊரே அழுதது. அழாதவர்களை அழவைக்கக் கோயிலில் ஆள் போட்டிருந்தார்கள். தமிஸ்தாவுக்கு அழ அவளைப் பெற்றவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அந்த அழுகையும் காளைக்குத்தான் சேரும் என்பது அவர்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

தமிஸ்தாவின் தாய் தாயெசிஸ், அபிஸ் இருந்த காளை மாளிகை வாசலில் புல்லுக்கட்டு விற்கிறவள். சாமியிடம் கேள்வி கேட்க வருகிறவர்கள் அவளிடம் ஒரு பிடி பசும்புல் வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். கேள்வியை மனதில் நினைத்தபடி காளைக்கு முன்னால் கையை நீட்ட வேண்டும். காளை வாங்கித் தின்றால் காரியம் கைகூடும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் கூடாது. காலையில் போய்க் கேட்டவர்களுக்கெல்லாம் கல்யாணம் கூடிவந்தது, வழக்கு ஜெயித்தது. மத்தியானத்துக்கு மேல், காளை வயிறு நிறையத் தின்றுவிட்டுப் படுத்திருக்கும்போது போனவர்களுக்கு எதுவுமே தோதுப்படவில்லை. தெய்வத்தின் மனதை யார் அறிவார் என்று பூசாரிகள் சொன்னார்கள். தாயெசிஸும் அப்படித்தான் நம்பினாள்.

தமிஸ்தாவுக்குப் பிறவியிலேயே கால்கள் சூம்பிப்போய் நடை வரவில்லை. அப்பன் பமூன் படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவன். சாயங்காலம் கடைசி மூட்டையை இறக்கிப்போட்டுவிட்டு வந்து மகளை முதுகில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவான். நகரத்தில் அவள் பார்க்காத தெரு கிடையாது. எல்லாத் தெருவையும் அப்பன் தோளுக்கு மேலிருந்துதான் பார்த்தாள். துறையில் யாராவது கேலி செய்தால், நாள் முழுக்க வாயில்லாத மூட்டையைத் தூக்குகிறேன், சாயங்காலமாவது பேசுகிற மூட்டை வேண்டாமா என்பான்.

அப்படி ஒரு நாள் சவப்பெட்டித் தெருவுக்குள் போனார்கள். ஹெரியூஸ் என்ற ஓவியர் வாசலில் உட்கார்ந்து ஒரு பெட்டியின் கால்மாட்டில் படம் எழுதிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே படம்தான். வாலைத் தூக்கிக்கொண்டு அபிஸ் காளை ஓடும். அதன் முதுகில், துணி சுற்றிய பிணம் மல்லாந்து படுத்திருக்கும்.

"அப்பா, மாட்டு மேல படுத்துக்கிட்டுப் போறது யாரு?"

"செத்துப்போனவங்கம்மா. சாமி அவங்களச் சுமந்துக்கிட்டு மேற்க, செத்தவங்க ஊருக்குப் போறாரு."

"செத்துப்போனா நடக்க வேண்டாமா?"

ஹெரியூஸ்தான் தூரிகையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே, "வேண்டாங் கண்ணு. ராஜாவா இருந்தாலும் சரி, பிச்சக்காரனா இருந்தாலும் சரி. எல்லாருக்கும் சவாரிதான்" என்றார்.

தமிஸ்தா அப்பன் தோளுக்கு மேலிருந்து படத்தை எட்டிப் பார்த்தாள். "அப்ப அங்க எல்லாரும் என்னய மாதிரிதான்" என்றாள்.

மறுநாளே தாயெசிஸ் கடைவீதியில் நீலப் பளபளப்புப் பூசிய மண் காளை ஒன்றை வாங்கி நூலில் கோத்து மகள் கழுத்தில் கட்டிவிட்டாள். கட்டை விரல் அளவு இருக்கும். அதற்குக் கொம்புக்கு நடுவில் சூரியன் கூட உண்டு. தமிஸ்தா அதைத் தன் மடிமேல் மேயவிடுவாள், சூம்பின காலை மலை என்று சொல்லி அதன்மேல் ஏற்றுவாள்.

வெள்ளம் வடிந்த பருவத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாளாக இறங்கவில்லை. மேட்டுமேல் ஒரு வைத்தியக் கோயில் இருந்தது. போனால் பிழைத்தவர்களும் உண்டு, பிழைக்காதவர்களும் உண்டு. பமூன் ஒரு கழுதையை வாடகைக்குப் பிடித்துவந்து வாசலில் நிறுத்திவிட்டான். கிளம்புவதற்கு முன்னால் அபிஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தாயெசிஸ் தன் புல்லுக்கட்டிலிருந்தே நல்லதாக ஒரு பிடி எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அன்று காளைக்கு முன்னால் திரை போட்டிருந்தார்கள். சாமி ஏகாந்தத்தில் இருக்கிறார், இடுக்கு வழியாகக் கையை விடு என்றார் பூசாரி. உள்ளே சாம்பிராணிப் புகை மூச்சை அடைத்தது. அவள் கையை உள்ளே விட்டு, என் மகள் பிழைப்பாளா என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தாள். சூடான மூச்சு வரவில்லை. சொரசொரத்த நாக்கு படவில்லை. கை கடுத்துப்போகும் வரை நீட்டியிருந்தாள். பிறகு பூசாரி அவள் முழங்கையைத் தொட்டு, சாமி மறுத்துவிட்டார் என்று சொல்லி, புல்லைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கழுதையைப் பார்த்தாள்.

"திருப்பி அனுப்பிருய்யா. சாமி வேண்டாம்னுட்டாரு. வெயில்ல எதுக்குப் புள்ளைய அலைக்கழிக்கணும்? எம் மடியிலேயே இருக்கட்டும்."

மறுநாள் விடியற்காலையில் தமிஸ்தா அந்த மடியிலேயே போய்ச் சேர்ந்தாள். அன்று மத்தியானம் கோயில் மதிலிலிருந்து கொம்பு ஊதினார்கள். அபிஸ் தெய்வமாகிவிட்டது என்று தமுக்கு அடித்துச் சொன்னார்கள்.

அதன்பிறகு நகரத்தில் எல்லாம் முறைப்படி நடந்தது.

உடலைப் பாடம் பண்ணுகிற உப்பு, வாசனைத் தைலம், நல்ல துணி எல்லாம் காளைக்கென்று கோயில் எடுத்துக்கொண்டது. பிணம் பதப்படுத்துகிறவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் காளையிடம் போய்விட்டார்கள். காளையின் ஒரு காலுக்கு மட்டும் எட்டுப் பேர் என்று பேசிக்கொண்டார்கள். சாதாரண ஜனங்கள் இந்தச் சமயத்தில் சாவதைத் தவிர்க்க வேண்டும் என்று கோயில் கேட்டுக்கொண்டது. தாயெசிஸ் வீட்டு உப்பையும் பழைய துணியையும் வைத்துத் தன் கையாலேயே மகளைச் சுற்றினாள். இன்னும் கொஞ்சம் துணி கேட்டுப் பார்க்கலாம் என்று தெருவில் அழுதுகொண்டே போனபோது, அழுகை மேற்பார்வையாளர் அவளை நிறுத்தினார்.

அழுகை காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை, கொம்பு ஊதினதும் தொடங்க வேண்டும், மறுபடி ஊதினதும் நிறுத்த வேண்டும். இவள் நேரமல்லாத நேரத்தில் அழுகிறாளே என்று அதட்ட வந்தவர், கிட்ட வந்து கேட்டதும் அசந்துபோய்விட்டார். ஜனங்களைக் கூட்டி அவளைக் காட்டினார்.

"பாருங்கய்யா. இதுதான் அழுகை. நீங்களும் அழுவுறீங்களே, மூக்குச் சிந்துற மாதிரி. இந்தத் தாயி சாமி மேல எவ்வளவு பாசம் வச்சிருந்தா இப்படி வயித்துலருந்து வரும்?"

"இது எம் பொண்ணுக்கு ஐயா" என்றாள் தாயெசிஸ்.

அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. துக்கக் காலம் முடியும் வரை நகர எல்லைக்குள் விழுகிற கண்ணீர் எதுவானாலும் அபிஸுக்கே உரியது. யாரை நினைத்து விழுந்தது என்று கோயில் விசாரிப்பதில்லை. அது கோயிலின் பெருந்தன்மை. இனி சாயங்கால அழுகைக்கு அவள் முன்வரிசையில் நிற்க வேண்டும், பின்னால் இருப்பவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்று சொல்லி, பரிசாக ஒரு ரொட்டியும் கொடுத்தார்.

தாயெசிஸ் ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக ஹெரியூஸிடம் போனாள். பெட்டி தயாராயிருந்தது, சின்னப் பெட்டி. பலகை வாட்டம் பார்த்து அவரே செய்து, காசு வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் கால்மாட்டில் பலகை வெறுமையாக இருந்தது.

"காளை எழுதக்கூடாதுன்னு உத்தரவு, தங்கச்சி. பழைய காளை செத்துப்போச்சு. புதுக் காளை பொறந்து, அடையாளம் பாத்து, கோயிலுக்குக் கொண்டுவர்ற வரைக்கும் ஊர்ல காளையே கிடையாதாம். இல்லாததை எழுதுனா கையை வெட்டிருவானுங்க."

"அவ நடக்க மாட்டாளே அண்ணே."

"தெரியும்."

"அங்க போயி எந்த எடத்துல விழுந்து கெடப்பாளோ."

ஹெரியூஸ் அவளைப் பார்க்காமல், கோயிலில் காளைக் காரியாலயம் ஒன்று இருக்கிறது, அங்கே கேட்டு அனுமதி வாங்கிவந்தால் ஒரு மூச்சில் எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றார்.

காரியாலயத்தின் வாசலில் ஒரு கூடை வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். கூடை நிறையக் காளைகள். நீலக் காளை, பச்சைக் காளை, எலும்புக் காளை, கொம்பொடிந்த காளை. ஊரில் உள்ள தாயத்துக் காளைகளுக்கெல்லாம் சக்தி போய்விட்டது, அவற்றை ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றான். தாயெசிஸின் முந்தியில் மகள் கழுத்துக் காளை முடிந்திருந்தது. உள்ளே காட்டலாம் என்று அவிழ்த்துக் கொண்டுவந்திருந்தாள். அவன் அதை வாங்கிப் பார்த்து, சூரியன் லேசாகச் சிராய்ந்திருக்கிறது என்று குறைசொல்லிக் கூடையில் போட்டான். அது மற்றக் காளைகள்மேல் விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. அப்புறம், ஒப்படைத்ததற்குக் கட்டணம் கேட்டான். அவள் கொடுத்த வெள்ளிக்குச் சில்லறையாக ஒரு செப்புக்காசைத் திருப்பிக் கொடுத்தான்.

காசில் அபிஸ் நின்றுகொண்டிருந்தது. கொம்புக்கு நடுவில் சூரியன் சிராய்ப்பில்லாமல் இருந்தது.

"இதுலயும் காளை இருக்கே" என்றாள்.

"அது செல்லும்."

"செத்துப்போன காளைதான?"

அவன் காசை வாங்கி மறுபக்கம் திருப்பிக் காட்டினான். அங்கே பேரரசரின் முகம் இருந்தது. "அரசர் உசுரோட இருக்காருல்ல. அவரு முதுகுப்பக்கம் இருக்கற காளை எப்படிச் சாவும்? காசுக் காளைக்குச் சாவு கெடையாது. உள்ள போம்மா, பின்னால ஆளு நிக்குது."

உள்ளே பெத்தோபாஸ்திஸ் உட்கார்ந்திருந்தார். அவர் காளையின் வலக்கொம்புக் கண்காணிப்பாளர். இடக்கொம்புக் கண்காணிப்பாளர் என்று இன்னொருவரும் உண்டு. அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. தலையை மழமழவென்று சிரைத்து, கஞ்சி போட்ட வெள்ளைத் துணி உடுத்தி, பூவுலகில் கால்படாதவர் மாதிரி இருந்தார். அவர் யாரிடம் பேசினாலும் எழுத்துநடையில்தான் பேசுவார். தாயெசிஸ் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார்.

"உன் மகள் காளைக்கு முன்பு இறந்தாளா, பின்பு இறந்தாளா?"

"எதுக்கு சாமி?"

"முன்பு இறந்திருந்தால், அப்போது காளை உயிரோடு இருந்தது. படம் இல்லாமலே சுமந்து போயிருக்கும். உன் விண்ணப்பம் தேவையில்லை. பின்பு இறந்திருந்தால், சுமக்கக் காளை இல்லை. உன் விண்ணப்பம் செல்லாது. எது உனக்கு வசதி?"

தாயெசிஸுக்கு உயிர் வந்தது போலிருந்தது. "முன்னாடிதான் சாமி. அவ விடியக்காலம் போனா. நீங்க மத்தியானந்தான கொம்பு ஊதுனீங்க?"

பெத்தோபாஸ்திஸ் முதன்முறையாகச் சிரித்தார். நல்ல வேலை செய்தவர், அதைப் பாராட்ட ஆளில்லாமல் வெகுநாள் தவித்தவர் சிரிக்கிற சிரிப்பு அது.

"கொம்பு ஊதியது மத்தியானம். காளை இறந்தது அதற்கு மூன்று நாள் முன்னால். வெளியே சொல்லியிருந்தால் ஊர் கலங்கியிருக்கும். திரையைப் போட்டோம். சாம்பிராணியைக் கூட்டினோம். தீனி வேளை தவறாமல் உள்ளே போயிற்று. கேள்வி கேட்க வந்தவர்களில் ஒருவரைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. மூன்று நாள் காளை இல்லாமலே காளை மாளிகையை நடத்திக் காட்டினோம், அம்மா. உண்மையைச் சொன்னால், காளை இருந்தபோது நடந்ததைவிட ஒழுங்காக நடந்தது. சாணம் கூட இல்லை."

தாயெசிஸின் வலக்கை தானாக முன்னால் நீண்டது, இடுக்குக்குள் நுழைவதுபோல.

"அப்ப, கொம்பு ஊதுனதுக்கு மொத நாளு நான் நீட்டுன புல்லு?"

"பெற்றுக்கொள்ளப்படவில்லை. ஆகவே மறுப்பு."

"செத்துப்போன மாடு எப்படி சாமி மறுக்கும்?"

"உயிருள்ள காளை தின்னாவிட்டால் மறுப்பு. உயிரில்லாத காளையும் தின்னவில்லை. பலன் ஒன்றுதானே? இன்னும் சொன்னால், அந்த மூன்று நாளும் பதில்களில் தடுமாற்றமே இல்லை. ஒரே சீராக இருந்தன."

"நான் கழுதையைத் திருப்பி அனுப்பிட்டேன் சாமி."

"எந்தக் கழுதை?"

"வாசல்ல நின்னுச்சு."

பெத்தோபாஸ்திஸ் நெற்றியைச் சுருக்கினார். கழுதைகள் தன் பொறுப்பில் இல்லை, அதற்குக் கீழ்த்தளத்தில் வேறு அலுவலர் இருக்கிறார் என்றார்.

தாயெசிஸ் போகவில்லை. "செத்த மாட்டால என்கிட்ட வேண்டாம்னு சொல்ல முடிஞ்சுது. எம் புள்ளையச் சுமக்க மட்டும் முடியாதா?"

அவருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. விரல்களைக் கோத்துக்கொண்டார். "மறுப்பது நிர்வாகம். சுமப்பது உழைப்பு. இறந்தவர் நிர்வாகம் செய்யலாம். உழைக்க முடியாது" என்றார். பிறகு, புதுக் காளை கிடைத்ததும் வரச் சொன்னார். நெற்றியில் வெள்ளை, முதுகில் கழுகுச் சாயல், நாக்கடியில் வண்டு மாதிரி மச்சம், எல்லாம் ஒரே கன்றில் அமைய வேண்டும். போன தடவை தேட வருடங்கள் ஆயின. அதுவரை குழந்தை காத்திருக்கலாம், இறந்தவர்களுக்கு அவசரம் எதுவும் கிடையாது என்று ஆறுதலும் சொன்னார்.

அவள் வெளியே வந்தபோது சாயங்கால அழுகைக்குக் கொம்பு ஊதியது. முன்வரிசையில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவளுக்கு ஒரு சொட்டுக்கூட வரவில்லை. ரொட்டியைத் திருப்பிக் கொடு என்றார் அழுகை மேற்பார்வையாளர். கொடுத்துவிட்டாள்.

வீட்டில் பமூன், ஹெரியூஸிடமிருந்து தூக்கிவந்த பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் எதையும் மறைக்கவில்லை. திரை, புகை, மூன்று நாள் எல்லாவற்றையும் சொன்னாள். கழுதை என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்கவில்லை.

பமூன் பெட்டி மூடியிலிருந்த தூசியைக் கையால் துடைத்தான்.

"அந்தக் கழுதை சரியில்ல புள்ள. முன்னங்கால் நொண்டி. மேடு ஏறியிருக்காது."

அது நல்ல கழுதை. நாலு காலையும் ஊன்றி நின்றதை அவள் தன் கண்ணால் பார்த்திருந்தாள். "ஆமாய்யா, நொண்டிதான்" என்றாள்.

மறுநாள் ஹெரியூஸ், தான் கழற்றிவைத்திருந்த கால்மாட்டுப் பலகையைக் கொண்டுவந்து திருப்பிக் காட்டினார். கீழே மணல்கோடு எழுதியிருந்தார். மேற்கு மலை எழுதியிருந்தார். நடுவில் துணி சுற்றிய ஒரு சின்ன உருவம் மல்லாந்து படுத்திருந்தது. அதற்கு அடியில் ஒன்றுமில்லை. குழந்தை அந்தரத்தில் கிடந்தது.

"காளைக்குத்தான் தடை. படுத்திருக்கறவளுக்குத் தடை இல்லையே, தங்கச்சி. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

அந்த வெறும் இடத்தைத் தாயெசிஸ் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு முந்தியை அவிழ்த்து அந்தச் செப்புக்காசை எடுத்தாள். ஹெரியூஸ் ஒன்றும் கேட்காமல் பிசினைச் சூடாக்கினார். காளைப் பக்கம் வெளியே தெரியும்படி, குழந்தைக்குச் சரியாக அடியில், காசை ஒட்டினார்கள்.

பமூன் குனிந்து பார்த்தான். "இது நிக்கிதே. ஓடலையே."

"நிக்கட்டும். அவ ஏற வேண்டாமா?"

பெட்டியைத் தூக்க ஆள் வேண்டாம் என்றுவிட்டான் பமூன். கயிறு போட்டுத் தன் முதுகிலேயே கட்டிக்கொண்டான். அவர்கள் போன தெருக்களெல்லாம் தமிஸ்தா ஏற்கெனவே பார்த்த தெருக்கள்தான். பாலைவனத்து மேட்டுக்கு ஏறுகிற இடத்தில், இடுகாட்டு வாசலில் காவல்காரன் வெங்காயம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெட்டியைச் சுற்றிவந்து கால்மாட்டில் நின்றான்.

"என்னய்யா இது, காளை?"

"காசு" என்றான் பமூன்.

"காசுன்னா அரசர் மொகம் தெரியணும். காளைப் பக்கம் தெரிஞ்சா அது காளை. கோயில் உத்தரவு. திருப்பி ஒட்டு."

பமூன் பெட்டியை இறக்கி, காசை நகத்தால் நெம்பி எடுத்துத் திருப்பி வைத்தான். இப்போது குழந்தை பேரரசரின் தலைமேல் மல்லாந்து கிடந்தது. காவல்காரன் மென்றுகொண்டிருந்த வாயை நிறுத்தினான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். அரசர் தலையில் பிணத்தை ஏற்றிவிட்டுத் தான் பார்த்துக்கொண்டிருந்ததாக யாராவது சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"வேண்டாம், வேண்டாம். அது அதவிட மோசம். எடு."

"எடுத்துட்டா?"

"எடுத்துட்டு..." காவல்காரன் இரண்டு பக்கமும் பார்த்தான். பெட்டியின் நீளத்தையும் பார்த்தான். "எனக்கு வெங்காயத்துல கண்ணெரியுது. ஒண்ணும் தெரியல. எந்தப் பக்கம் வேணா ஒட்டிக்க. போய்யா."

குழி பெரிதாகத் தோண்ட வேண்டியிருக்கவில்லை. பெட்டியைக் கால்மாடு மேற்கே பார்க்க இறக்கினார்கள். அப்போது கீழே நகரத்தில் சாயங்காலக் கொம்பு ஊதினார்கள். பமூன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். கொம்பு மறுபடி ஊதியபிறகும் அழுகையை நிறுத்தவில்லை.

தாயெசிஸ் குழிக்குள் இறங்கினாள். இடுப்பில் செருகியிருந்த புல்லை எடுத்தாள். அன்று திரைக்கு உள்ளே போய்த் திரும்பிவந்த அதே பிடி. காய்ந்து வைக்கோலாகிவிட்டிருந்தது. மண்டியிட்டு, செப்புக் காளையின் முகத்துக்கு நேரே கையை நீட்டினாள். வழி தூரம். வெறும் வயிற்றோடு எந்த மாடும் அவ்வளவு தூரம் சுமக்காது.

காளை தின்னவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பமூன் எழுந்துவந்து குழியின் விளிம்பில் நின்றான். "மேல வா புள்ள. மண்ணு தள்ளணும்."

அவள் கையை எடுக்கவில்லை.

"இருய்யா" என்றாள். "இன்னும் பதில் சொல்லல."